பாதியில் நிற்கும் நிபந்தனைகள்

நிரல் எழுதிப் பிழைப்பவர்களுக்கு ஒன்று சீக்கிரமே புரிந்துவிடும்: விடை தெரிந்த பிறகு கணினி ஓர் அடிகூட எடுத்து வைக்காது. 'இதுவும் அதுவும்' என்று நிபந்தனை எழுதினால், முதலாவது பொய்யானதும் இரண்டாவதைத் திரும்பிக்கூடப் பார்க்காது. 'இது அல்லது அது' என்றால், முதலாவது உண்மையானதும் அங்கேயே நின்றுவிடும். புதுச்சேரியில் ஒரு சின்ன ஆபீசில் நானும் ஸ்டெல்லாவும் ஊர்க்காரர்களுக்கு மென்பொருள் செய்து கொடுக்கிறோம். இதே குழியில் விழுந்து எழுந்த உங்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை; சேர்ந்து புலம்பலாம், வாருங்கள்.

முன்பதிவு இல்லாத விருந்தாளி

கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில் மதாம் தெரேஸ் ஒரு விருந்தினர் விடுதி நடத்துகிறார். வருபவர் தன் முன்பதிவில் கீழ்த்தள அறை கேட்டிருக்கிறாரா, அப்படி ஒரு முன்பதிவு உண்டா என்று எங்கள் நிரல் இரண்டையும் பார்க்கும். வரிசைதான் தலைகீழ். முன்பதிவே செய்யாத ஒரு தம்பதி வந்து நின்றதும், இல்லாத முன்பதிவுக்குள் அறையைத் தேடப்போய் நிரல் அப்படியே உறைந்துவிட்டது.

ஓடிப்போய் இரண்டையும் இடம் மாற்றினேன். முன்பதிவு இல்லையென்றால் இனி அறைப் பேச்சுக்கே போகாது. சரியாகிவிட்டது என்று பெருமையாகத் திரும்பினேன். மதாம் சொன்னார்: "மொன் தியே, கடவுளே! அவங்க குளிச்சிட்டுச் சாப்பிடவே போயிட்டாங்கம்மா. உன் மெஷின் இப்பதான் கண்ணத் தொறக்குதா?"

காற்று எச்சரிக்கை

வைத்திக்குப்பம் மீனவர்களுக்குக் காற்று பலமாகும் முன் சொல்லும் ஒரு செயலி. எங்களுக்கு முன்னால் யாரோ எழுதியதை நாங்கள் எடுத்து நடத்தினோம். ஒரு நாள் காலை எச்சரிக்கை போயிருந்தது. ஆனாலும் காசி அண்ணனின் படகு கடலுக்குள்ளேயே போய்க்கொண்டிருந்தது. கரையிலிருந்து அவர் தம்பி விடாமல் போன் அடித்துத்தான் திருப்பினார். படகு மணலைத் தொடும்போது அலை தலைக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்தது.

நிரலைத் திறந்தேன். 'குறுஞ்செய்தி அனுப்பு அல்லது குரல் அழைப்பு கொடு' என்று ஒரே வரி. குறுஞ்செய்தி போய்விட்டது, அது உண்மை. அதனால் கணினி அழைக்கவே இல்லை. அது கெட்டுப்போகவில்லை, சொன்னதைத்தான் செய்திருக்கிறது. இரண்டையும் பிரித்துத் தனித்தனி வரியாக எழுதினேன். அதோடு விடவில்லை. கடற்கரைக்கே போய், படகுக்காரர்கள் ஒவ்வொருவர் போனும் என் கண்ணெதிரே அலறும்வரை அங்கிருந்து நகரமாட்டேன் என்று நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. கடைசியாக அடித்தது காசி அண்ணன் போன். எடுத்துக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்: "அன்னிக்கும் மெசேஜ் வந்துச்சும்மா. ரெண்டு கையிலயும் வலை இருந்துச்சு, எதால படிப்பேன்?"

ஐஸ் உடைக்கும் மெஷின்

அதைப் பார்த்த ஸ்டெல்லாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. இனி எந்த நிபந்தனையும் பாதியில் நிற்கக் கூடாது என்று, கையிலிருந்த வேலையில் 'இதுவும் அதுவும்' என்பதற்குப் போடும் இரட்டைக் குறிகளையெல்லாம் (&&) ஒற்றைக் குறியாக்கினாள் (&). ஒற்றைக் குறி போட்டால் கணினி இரண்டு பக்கத்தையும் செய்தே தீரும். அந்த வேலை, ஓர் ஐஸ் கம்பெனியில் ஐஸ் உடைக்கும் மெஷினுக்கு எழுதியது.

மூடியைத் திறந்துவைத்துச் சோதிக்காமல் கொடுக்கக் கூடாது என்று நான் பிடிவாதம் பிடித்தேன். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரையும் சுவரோரம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். 'மூடி மூடியிருக்கிறதா, மோட்டாரை ஓட்டு' என்ற வரியில், முதல் பாதி பொய்யென்று தெரிந்தும் கணினி இரண்டாவதையும் செய்ததால், மூடி திறந்திருந்தும் மோட்டார் ஓடியது. வெற்றுப் பற்கள் கடகடவென்று சுழன்றன. நான் மின்சாரத்தை நிறுத்தினேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து இரட்டைக் குறியைத் திரும்பப் போட்டோம். மூடியைத் திறந்தும் மூடியும் மாறி மாறி ஓட்டிப் பார்த்தோம். திறந்தபோதெல்லாம் மெஷின் அசையவில்லை. ஸ்டெல்லா மெஷினின் மூடியைப் பார்த்தபடி சொன்னாள்: "ஒத்தக் குறி போட்டா எல்லாத்தையும் செய்யும்னுதானக்கா படிச்சேன். எல்லாத்தையும் செஞ்சிடுச்சே!"

இப்போதெல்லாம் யார் 'அல்லது' என்றாலும் "ஒண்ணா, ரெண்டுமா?" என்று நான் கேட்டுவிடுவதால், எங்கள் வீட்டில் என்னிடம் டீயா காபியா என்று கேட்பதையே நிறுத்திவிட்டார்கள்.