சின்னக்குழி இட்லித் தட்டு

மாதனூர் பக்கம், ஷூ கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடத்தில் எனக்கு ஒரு இட்லிக் கடை. பஸ் வருவதற்குள் பெண்கள் நின்றபடியே சாப்பிட்டுவிட்டு ஓடுவார்கள். மூன்று இட்லி இருபது ரூபாய் என்று போர்டில் எழுதி வைத்திருந்தேன்.

உளுந்து ஏறியது, எண்ணெய் ஏறியது, கேஸ் சிலிண்டர் ஏறியது. போர்டை மாற்ற மட்டும் எனக்குத் துணிச்சல் வரவில்லை. இவர்கள் சம்பளம் எனக்குத் தெரியாதா? அதைவிட, எதிர்க்கடைக்குப் போய்விடுவார்களோ என்ற பயம்தான் ஜாஸ்தி. ஆம்பூர் பாத்திரக் கடையில் குழி சின்னதாக இருக்கிற இட்லித் தட்டு ஒன்றை வாங்கி வந்தேன்.

முதல் நாள் ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்துப் பார்த்துப் பரிமாறினேன். இட்லி சின்னதாகிவிட்டதென்று ஒருத்தியும் கேட்கவில்லை. அப்புறம் எனக்குத் தலைக்கனமே வந்துவிட்டது. "ரெண்டு வருஷமா விலை ஏத்தாம ஓட்றேன், வேற எவ ஓட்டுவா?" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். சாம்பார் மட்டும் பாதி வியாபாரத்திலேயே தீர்ந்துபோகும். தையல் செக்‌ஷனில் வேலை செய்கிற ஒருத்தி மூன்று தடவை தட்டை நீட்டுவாள். "இன்னாடி, சாம்பார்ல குளிக்கப் போறியா?" என்பேன். சிரித்துக்கொண்டே வழித்துக் குடித்துவிட்டுப் போவாள்.

ஒரு சாயங்காலம் அவள் பஸ்ஸை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தாள். சம்பள உயர்வு கேட்டு ஆபீஸில் பேசப் போன நாலு பேரில் அவளும் ஒருத்தி.

"விலைவாசி ஏறிப்போச்சு, சம்பளம் பத்தலன்னு சொன்னோம்க்கா. மேனேஜரு இன்னா சொல்றாரு தெரியுமா? பணவீக்கம் கம்மியாய்டுச்சாம், டிவியில சொல்றாங்களாம். 'நீங்க பஸ் ஏறுற எடத்துலயே இட்லி இன்னும் அதே விலைதானே, நானே போர்டு பாத்தேன்'றாரு."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பணவீக்கம் குறைந்தால் விலை ஏறுகிற வேகம்தான் குறையும், ஏறின உளுந்து இறங்கி வந்துவிடுமா? படித்த மனுஷனுக்கு அதுகூடவா தெரியாது? ஆனால் அவருக்குச் சாட்சி எழுதிக் கொடுத்தது என் போர்டுதான்.

"இட்லி சின்னதாய்டுச்சுன்னு சொல்ல வேண்டியதுதானேடி?" என்றேன்.

"சொன்னா உன் கடைக்குத்தானேக்கா கெட்ட பேரு."

முதல் நாளே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. நான் இவர்களுக்கு உபகாரம் செய்வதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இவர்கள் அரை வயிற்றைச் சாம்பாரால் நிரப்பிக்கொண்டு என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

மறுநாளும் அந்த நாலு பேரை ஆபீஸில் பேச்சுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். விடிந்ததும் பரண்மேல் கிடந்த பழைய பெரிய குழித் தட்டை எடுத்தேன். போர்டை அழித்து, மூன்று இட்லி முப்பது ரூபாய் என்று எழுதினேன். "இன்னாக்கா, காலங்காத்தால பேஜார் பண்ற?" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் எதிர்க்கடைக்கே போய்விட்டார்கள். ஒன்றுக்குப் பத்தாகத் திருப்பிக் கொடுக்கிறவள் நான், அன்று குனிந்து சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தேன்.

அந்தத் தையல் செக்‌ஷன்காரி வந்து போர்டைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். பிறகு வழக்கம்போல இருபது ரூபாயை நீட்டினாள். நான் மூன்று இட்லி எடுத்து வைக்கப் போனேன். அவள் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள்.

"இருவது ரூபாய்க்கு ரெண்டுதானேக்கா, ரெண்டே போடு. இந்தப் போர்டக் காட்டித்தான் நான் பேசப் போறேன்."

இரண்டே வைத்தேன். சாம்பாரை மட்டும் அவள் கேட்காமலேயே மூன்று தடவை ஊற்றினேன்.