அக்காவின் சனிக்கிழமைகள்

எங்கள் அக்கா கர்த்தரிடம் போய்ச் சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பிழையைவிட, இதை நம் சபைப் பத்திரிகையில் எழுதலாமா கூடாதா என்பதுதான் எனக்குப் பெரிய பயம்.

அக்கா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். அத்தானுக்கு ரயில்வேயில் வேலை என்பதால் கல்யாணமாகி தெலுங்கு பேசும் இந்த ஊருக்கு, மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். என்னையும் வரவழைத்து சனத்நகரில் ஒரு லேத் பட்டறையில் சேர்த்துவிட்டார்கள். பல வருஷம் சபையின் ஞாயிறு பள்ளியில் பாடம் சொன்னார்கள். பிள்ளைகளுக்குத் தப்பான உபதேசம் சொல்கிறார்கள் என்று ஒரு அம்மா சபை நடுவே எழுந்து பேச, அந்தப் பொறுப்பு போயிற்று.

அத்தான் இறந்தபின், சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் மகளோடு மல்காஜ்கிரிக்குக் குடிபோனார்கள். அப்போதுதான் இந்தச் சனிக்கிழமைப் போக்கு தொடங்கியது. மத்தியானம் தூக்குவாளியோடு கிளம்பினால் இருட்டும்போதுதான் வருவார்கள். கையில் டெட்டால் வாசனை.

"எங்கக்கா போற?"

"ஜெபத்துக்குத்தாம்ல."

சபையில் விசாரித்தேன். சனிக்கிழமை ஜெபமே கிடையாது. ஊரில் புதிது புதிதாக ஜெபக்கூட்டங்கள் முளைத்த காலம் அது. யாரோ அக்காவை வளைத்துப்போட்டு வீட்டு வேலை வாங்குகிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன். எனக்குத் தூக்கம் போயிற்று. ஒரு சனிக்கிழமை அரைநாள் லீவு போட்டுப் பின்னாலேயே போனேன்.

ஒரு வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். படுத்த படுக்கையாய்க் கிடந்த ஒருவரின் காலை மடியில் வைத்து, அக்கா நகம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். படுத்திருந்தவரின் முகம் தெரிந்தது. சபை நடுவே எழுந்து பேசிய அதே அம்மா.

"இவளுக்கா அக்கா?" என்று ஜன்னலிலேயே கத்திவிட்டேன்.

"சத்தம் போடாதல. இப்பத்தான் கண்ணசந்திருக்காவ."

பஸ் ஸ்டாப்பில் அக்கா சொன்னார்கள்: "யார்ட்டயும் சொல்லிராத. இங்க நாலு பேர் மெச்சிட்டா அதோட எனக்குள்ள பலன் முடிஞ்சிரும். அங்க கர்த்தர் முன்னால போய் வெறுங்கையோட நிக்கணும்."

"அப்ப பலனுக்காகத்தான் செய்யுதியா?"

"ஆமால. தகப்பன் குடுப்பார்னு பிள்ளை எதிர்பார்க்காம, பக்கத்து வீட்டுக்காரனா எதிர்பார்ப்பான்?" என்று சிரித்தார்கள்.

கடைசி வாரம் ஆஸ்பத்திரியிலும் என் கையைப் பிடித்து, "வாயக் காத்துக்கோ" என்றுதான் சொன்னார்கள்.

காத்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் அடக்கத்தன்றே பேச்சு கிளம்பிவிட்டது. "சனிக்கிழம சனிக்கிழம எங்கயோ போனாவளே, அது வேற ஜெபக்கூட்டம். நம்ம கல்லறைத் தோட்டத்துல எப்படி இடம் குடுத்தாவ?" பேசியவர்களோடு நான் சண்டைக்குப் போகவில்லை. நானும் அப்படி நினைத்தவன்தானே. ஒரு வருஷமாகியும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

"ஹவ், ஆமா மாமா, நீங்க எழுதுனாத்தான் நிக்கும். எனக்குத் தமிழ் எழுத வராது" என்றாள் இந்த ஊரிலேயே வளர்ந்த அக்கா மகள். எழுதினால் அக்காவின் பலன் குறைந்துபோகுமோ என்று போதகரிடம் கேட்டேன். குறையாது என்றார். சிரித்துக்கொண்டே சொன்னதால் எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை.

ஆகவே ஆண்டவர் இதை அறியட்டும்: சொன்னது நான், அக்கா இல்லை. அந்த அம்மா யார் என்று உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். தயவுசெய்து வெளியே சொல்ல வேண்டாம். அக்காவைப் புகழவும் வேண்டாம். சந்தேகத்தை மட்டும் விட்டுவிடுங்கள், போதும்.

ஆஸ்பத்திரியில் கூட இருந்தவர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்தவர்களுக்கும், சாப்பாடு கொண்டுவந்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உங்கள் பெயர்களை வேண்டுமென்றேதான் இங்கே போடவில்லை. மறந்துவிட்டான் என்று யாரும் வருத்தப்படாதீர்கள்.

அந்த அம்மா இன்னும் படுக்கையில்தான் இருக்கிறார்கள். இப்போது சனிக்கிழமைகளில் யார் போகிறார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.