மாரிக்காலத்துக் குதிரைகள்

1. சேணம் முதலில் வந்தது

திருகோணமலையில் திமிங்கிலம் காட்டும் கம்பனி ஒன்றில் கந்தோர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கந்தோர் வேலை என்றால் புக்கிங் எடுப்பது, லைஃப் ஜக்கெற் எண்ணி வைப்பது, கடலில் சத்தி எடுத்துக்கொண்டு வருபவர்களுக்குத் தேசிக்காய் வெட்டிக் கொடுப்பது, திமிங்கிலம் வராத நாளில் ஏச்சு வாங்குவது. ஏச்சு வாங்கத்தான் முக்கியமாகச் சம்பளம் தந்தார்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்த பிள்ளைகள் சிலர் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். கடலைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் குதிரையைப் பற்றி எழுதுகிறேன்.

வாடைக்காற்றுத் தொடங்கினால் எங்கள் கடலில் உல்லாசப் படகு ஓடாது. படகுகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டு எங்களையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். மாரி முடியும்வரை சம்பளம் இல்லை. நான் வீட்டிலிருந்து சட்டை தைத்துச் சமாளிப்பேன். படகோட்டி நசீருக்கு அது சரிவராது. பக்கத்து ஊரான கிண்ணியாக்காரர், மூன்று பெண்பிள்ளைகளின் தகப்பன். கடலில் திமிங்கிலம் மூச்சு விட்டால் எங்கள் படகில் முதலில் காண்பது அவருடைய கண்தான். முன்னர் சில காலம் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்தவர். அங்கிருந்து மறுபடி வரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருடம் படகைக் கவிழ்த்த அன்று அவர் என்னிடம் வந்து சொன்னார்.

"அக்கா, இந்த மாரிக்கும் சம்பளம் இல்லாட்டி நான் கட்டாருக்குப் போயிருவன். போன தரம் போய்ட்டு வந்தப்போ மூத்தவள் என்னைக் கண்டு கதவுக்குப் பின்னால ஒளிச்சவள். இனிச் சின்னவளும் ஒளிப்பாள்."

நான் உடனே இளைய முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் பெயர் டிலுக்சன். அவுஸ்திரேலியாவில் சுற்றுலாத்துறை படித்துவிட்டு வந்தவர். சின்ன வயதில் கந்தோருக்கு வந்தால் நான்தான் மூக்குத் துடைத்துவிடுவேன். இப்போது 'சேர்' என்று கூப்பிட வேண்டும். சேர் ஏற்கெனவே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தார். மாரிக்குக் கடல் இல்லாவிட்டால் மலை இருக்கிறது, மலையில் குதிரை இருக்கிறது, குதிரையில் வைத்து நாலு நாள் மலைநாட்டைச் சுற்றிக் காட்டினால் லண்டன்காரர் அள்ளுப்பட்டு வருவார்கள் என்றார். காட்டுவது யார் என்று கேட்டேன். நாங்கள்தானாம்.

எங்கள் ஊரில் தெருவில் திரிகிற நாலுகால் பிராணி மான். அது குப்பைப் பையைத் தவிர வேறொன்றையும் சுமந்து நாங்கள் பார்த்ததில்லை. குதிரையைப் பற்றி எங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்தது, அது கடலில் இல்லை என்பது மட்டுந்தான். ஆனால் சேர் கொழும்பிலிருந்து ஒரு சேணத்தை முதலில் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். குதிரை பிறகு வருமாம். கவிழ்த்த படகின் முதுகில் சேணத்தைக் கயிற்றால் கட்டி, நசீரும் மற்றப் பொடியன்களும் மூன்று நாள் ஏறி இறங்கிப் பழகினார்கள். சைக்கிளில் போனவர்கள் எல்லாம் இறங்கி நின்று பார்த்தார்கள். படகு கடைசிவரை அசையவில்லை. இதில் எங்களுக்கு நல்ல தன்னம்பிக்கை வந்துவிட்டது.

2. மலையிலே பிறந்த குதிரை

முதல் பயணம் பரீட்சைப் பயணம். லண்டனில் ட்ராவல் ஏஜென்சி நடத்தும் வசந்தி, தன் கணவரையும் இன்னும் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். திருகோணமலையில் பிறந்தவர்தான். தமிழ் அப்படியே இருந்தது, பொறுமை மட்டும் மாறிப்போயிருந்தது. அவருக்குப் பிடித்தால் ஒவ்வொரு டிசம்பரிலும் ஆட்களை அனுப்புவார். எங்களுக்கு மாரிச் சம்பளம் வரும். நசீர் கட்டாருக்குப் போகத் தேவையில்லை. பிடிக்காவிட்டால் சேணத்தை மறுபடி படகில் கட்டிவிட்டு நசீரை வழியனுப்ப வேண்டியதுதான்.

குதிரைகளை நுவரெலியாவில் மாரிமுத்து என்பவரிடம் வாடகைக்குப் பேசியிருந்தோம். தேயிலைத் தோட்டப் பகுதியைச் சேர்ந்த மனிதர், பேச்சில் தேன். போனில் நான் திரும்பத் திரும்பக் கேட்டேன், உங்கள் குதிரைகள் மலைப்பாதையில் நடக்குமா என்று.

"மலையிலேயே பொறந்து வளந்த குதிரைங்க மேடம். எங்க விட்டாலும் போகும்."

குதிரைச் சவாரிக்கான தொப்பி எங்கும் கிடைக்கவில்லை. ஆகவே மோட்டார் சைக்கிள் ஹெல்மெற் கொண்டுபோனோம். பாதுகாப்பு விடயத்தில் எங்கள் கம்பனிக்கு நல்ல பெயர் இருந்ததால், சேர் செம்மஞ்சள் லைஃப் ஜக்கெற்றுகளையும் வான் வண்டியில் ஏற்றச் சொன்னார். ஆறு பேரும் ஹெல்மெற்றும் ஜக்கெற்றுமாகக் குதிரையில் ஏறி உட்கார்ந்தபோது மாரிமுத்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு என்னிடம் மெதுவாக, தன் குதிரைகள் தண்ணீரில் இறங்காது என்று தகவல் தந்தார்.

தேயிலைத் தோட்டத்துப் பழைய பங்களா ஒன்றிலிருந்து புறப்பட்டோம். சேர் பளபளக்கும் சப்பாத்தோடு முன்னுக்கு நடந்தார். நசீரும் பொடியன்களும் குதிரைகளுக்குப் பக்கத்தில் போனார்கள். நான் தண்ணீர்ப் போத்தல்களோடு பின்னுக்கு வந்தேன். பத்து அடி போயிருப்போம். பனிமூட்டம் விலகி, தூரத்தில் ஒரு நீர்வீழ்ச்சி தெரிந்தது. நசீரால் சும்மா இருக்க ஏலாது. படகில் திமிங்கிலம் நிற்கும் திசையைக் கடிகார மணியில் கத்துவது போலவே கத்தினார்.

"பதினொரு மணிப் பக்கம்! எல்லாரும் பாருங்க!"

ஆறு பேரும் போனைத் தூக்கினார்கள். ஆறு குதிரைகளும் நின்றன. நின்றது மட்டுமல்ல, உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, தலையை நிமிர்த்தி, காதை விறைத்துக்கொண்டு நின்றன. படம் எடுத்து முடிந்தது. குதிரைகள் அசையவில்லை. ஆறும் கழுத்தைத் திருப்பி மாரிமுத்துவைப் பார்த்தன. அவர் சட்டைப் பையிலிருந்து ஆளுக்கொரு கரட் துண்டு கொடுத்தார். அதன்பிறகுதான் நடந்தன. அடுத்த வளைவில் ஒரு மலை தெரிந்தது. மறுபடி நசீர், மறுபடி போன், மறுபடி கரட்.

மத்தியானத்துக்குள் கரட் முடிந்துவிட்டது. குதிரைகள் நடுப்பாதையில் வேலைநிறுத்தம் செய்தன. நான் மாரிமுத்துவை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு விசாரித்தேன்.

"இதுங்க ஏரிக்கரையில படம் எடுக்கிற குதிரைங்க மேடம். ஆள ஏத்துவோம், போன தூக்குவாங்க, இது நிக்கும். எடுத்து முடிச்சா ஒரு கேரட். அதுதான் அதுங்க வேல."

மலையில் பிறந்தவை என்று சொன்னீர்களே என்றேன். நுவரெலியாவும் மலைதானே என்று அவர் பணிவாகக் கேட்டார். பக்கத்துத் தோட்டத்தில் கரட் பிடுங்கிக்கொண்டிருந்தவர்களிடம் ஒரு உரப்பை நிறைய வாங்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். பின்னேரம் திரும்பிப் பார்த்தால், புறப்பட்ட பங்களாவின் புகைக்கூண்டு இன்னும் தெரிந்தது.

3. போன் இல்லாத ஒரு நாள்

இரண்டாம் நாள் சேர் அவுஸ்திரேலியப் படிப்பைப் பாவித்து ஒரு முடிவெடுத்தார். எல்லோருடைய போனையும் வாங்கி, படகில் நனையாமல் வைக்கும் பையில் போட்டு இறுக்கிக் கட்டினார். நசீருக்கு வாய் திறக்கக்கூடாது என்று கட்டளை.

அன்று குதிரைகள் நடந்த நடையைச் சொல்ல வேண்டும். ஓடை தாண்டின, தேயிலை மலைகள் தாண்டின, யூக்கலிப்ரஸ் காட்டுக்குள்ளால் போயின. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு வடிவான இடங்களைக் கண்டதில்லை. கால் வலியையும் மறந்து பார்த்துக்கொண்டே நடந்தேன். குதிரையின் மேல் இருந்தவர்களோ செத்தவீட்டுக்குப் போகிறவர்கள் மாதிரி இருந்தார்கள். வசந்தியின் கணவர் அடிக்கடி சட்டைப் பையைத் தடவிப் பார்த்தார். ஒரு இளம் தம்பதி நீர்வீழ்ச்சியைப் பார்த்துவிட்டு, இப்போது என்ன செய்வது என்பது போல ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

பொழுதுபட, தங்குமிடத்தில் தேத்தண்ணி குடிக்கும்போது வசந்தி என்னிடம் சொன்னார்.

"பத்மா, நல்ல இடந்தான். ஆனா ஒரு படம்கூட இல்லாமல் நான் லண்டனில ஆருக்கு என்னத்தைச் சொல்லுறது? டிசம்பருக்கு ஆக்களை அனுப்பிறது கஷ்டம்."

நசீர் பக்கத்தில்தான் நின்றார். அவருக்குக் கேட்டது. கட்டார்க்காரருக்கு ஓம், வருகிறேன் என்று சொல்லிவிடவா என்று பிறகு என்னிடம் கேட்டார். நாளைக்கும் ஒரு நாள் பார்ப்போம் என்று சொன்னேன். சொன்னேனே தவிர எனக்கும் நம்பிக்கை இல்லை. போன் கொடுத்தால் குதிரை போகாது, போன் கொடுக்காவிட்டால் ஆள் வராது. இதற்கு எந்த நாட்டில் படித்தாலும் விடை இல்லை.

4. ரோஸி

மூன்றாம் நாள் போன்களைத் திருப்பிக் கொடுத்தோம். ஒரு நாள் பட்டினி கிடந்தவர்கள் சாப்பிடுவது போல எடுத்தார்கள். பாதை ஒரு இடத்தில் மழைக்குச் சரிந்து, பாதி பள்ளத்துக்குள் போயிருந்தது. அந்த இடத்தில் எல்லோரையும் இறக்கி, குதிரைகளை ஒவ்வொன்றாக நடத்திக் கடந்தோம். கடந்ததும் வசந்தி மட்டும் உடனே தன் குதிரை ரோஸியில் ஏறி, எங்களோடு கோபத்தில், மாரிமுத்துவைக் கயிற்றைப் பிடிக்கச் சொல்லி முன்னுக்குப் போய்விட்டார். மற்ற ஐந்து பேரும் சரிவைப் பின்னுக்கு வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள்.

மேல் வளைவில் தேயிலைக் கொழுந்து லொறி ஒன்று ஹோர்ன் அடித்தபடி பனிமூட்டத்துக்குள்ளிருந்து வந்தது. ரோஸி மிரண்டு திரும்பியது. மாரிமுத்துவின் கையிலிருந்து கயிற்றைப் பறித்துக்கொண்டு, வசந்தியோடு எங்களை நோக்கிப் பாதை இறக்கத்தில் ஓடி வந்தது. எங்களுக்குப் பின்னால் அந்தச் சரிவு. அதற்குக் கீழே பள்ளம்.

நான் கரட் பையோடு நின்ற இடத்திலேயே நின்றேன். சேர் பளபளக்கும் சப்பாத்தோடு பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் பாய்ந்தார். மாரிமுத்து கத்திக்கொண்டு பின்னால் ஓடிவந்தார், அதற்கு ரோஸி இன்னும் வேகமாக ஓடியது. நசீர் மட்டும் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு குதிரைக்கு நேரே ஓடினார். அது அவரை இடித்துத் தள்ளிவிட்டு வந்தது. அவர் சேற்றில் குப்புற விழுந்தார்.

லண்டன்காரர் ஐந்து பேரும் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒருவர்கூட விலகவில்லை, ஒருவர்கூட ஒரு அடி முன்னுக்கு வைக்கவில்லை. ஐந்து பேரும் போனைத் தூக்கி வீடியோ எடுத்தார்கள். வசந்தியின் கணவர் நடுவில் நின்றார்.

ரோஸி ஐந்து போன்களையும் கண்டது. நாலு காலையும் சேற்றில் ஊன்றி நின்றது. உடம்பைப் பக்கவாட்டில் திருப்பியது. தலையை நிமிர்த்தியது. காதை விறைத்தது. பிறகு மெதுவாகக் கழுத்தைத் திருப்பி, உரப்பையோடு நின்ற என்னைப் பார்த்தது. நான் பைக்குள் கையை விட்டு ஒரு முழுக் கரட்டைக் கொடுத்தேன்.

வசந்தியின் ஹெல்மெற் சரிந்து கண்ணை மூடியிருந்தது. இனி ஏச்சு விழும் என்று நான் ஒரு அடி முன்னுக்குப் போய் நின்றேன்; அது என் உத்தியோகம். நசீரும் சேற்றிலிருந்து எழும்பாமல் வசந்தியின் வாயைத்தான் பார்த்தார். வசந்தி ஹெல்மெற்றை மேலே தள்ளினார். மூச்சு வாங்கினார். கணவரைப் பார்த்தார்.

"வடிவா எடுத்தனீங்களோ?"

5. கந்தோரில் தொங்கும் படம்

வடிவாகத்தான் எடுத்திருந்தார். லண்டனுக்குப் போய்ச் சேருவதற்கு முன்னரே அந்த வீடியோவிலிருந்து எடுத்த படம் எங்கெல்லாமோ சுற்றியது. பனிமூட்டம், மலை, செம்மஞ்சள் ஜக்கெற், நிமிர்ந்து நிற்கும் ரோஸி. டிசம்பருக்கு இடமில்லாமல் போனது. அந்த மாரிக்கு எங்கள் எல்லோருக்கும் சம்பளம் கிடைத்தது.

இப்போதும் நாலு நாள் குதிரைப் பயணம் நடக்கிறது. குதிரைகள் பங்களாவிலிருந்து முதல் வளைவுவரை போகும். அங்கே நின்று எல்லா உடுப்பிலும் படம் எடுப்பார்கள். இரவுக்கு வான் வண்டியில் அடுத்த பங்களாவுக்குப் போய், மறுநாள் அங்கே முதல் வளைவுவரை. மலை முழுக்கப் பனிமூட்டத்துக்குள் இருக்கிற நாட்களில் நசீர், திமிங்கிலம் வராத நாளில் சொல்வதையே சொல்வார், நேற்று நல்லாத் தெரிந்தது என்று. புகைக்கூண்டு இன்னும் தெரிகிறதே என்று ஒருவர்கூட முறைப்பாடு செய்ததில்லை. லைஃப் ஜக்கெற் படத்துக்கு எடுப்பாக இருப்பதால் அதையும் கழற்றவில்லை.

நசீர் கட்டாருக்குப் போகவில்லை. பயணம் முடிந்து வீட்டுக்குப் போனால் சின்னவள் ஓடிவந்து, "வாப்பா, கரட்" என்று சட்டைப் பைக்குள் கையை விடுகிறாளாம். இதைச் சொல்லும்போது அந்த மனிதரின் முகத்தைப் பார்க்க வேண்டும். என் கால் வலிக்கு அதுவே போதும்.

இந்த வேலையில் நான் படித்தது ஒன்றுதான். மலையைக் காட்ட நாங்கள் போனோம், பயணிகளோ மலைக்குத் தங்களைக் காட்ட வந்தார்கள். இதை விளங்கிக்கொண்டால் இந்தத் தொழிலில் நீங்கள் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள். கந்தோருக்குள் நுழைந்ததும் அந்தப் படம் பெரிதாகச் சட்டம் போட்டுத் தொங்குகிறது. சேர் அதில் வடிவில்லாத பக்கத்தை வெட்டிவிட்டுத்தான் சட்டம் போட்டார். வெட்டியது சரியாக வெட்டுப்படவில்லை. ரோஸியின் காலுக்குப் பின்னால், ஓரத்தில், சேற்றில் ஊன்றிய ஒரு கை மிஞ்சியிருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்தக் கை யாருடையது என்று கேளுங்கள். சேருக்கு ஞாபகம் இருக்காது. வெளியே படகுக்குப் பக்கத்தில் போய்க் கேளுங்கள், அவர் அங்கேதான் இருக்கிறார்.