அம்மன் வந்த வார்டில் நான் வாய் திறந்த நாள்

என் மகள் தர்ஷினிக்கு அப்போது நான்கு மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து மாரியம்மன் கொடுத்த பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு என் கையாலேயே நோயைக் கொடுத்துவிடுவேனோ என்று இருபத்தொரு நாள் நடுங்கினேன். அடியார்களே, அந்த நாட்களில் அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது! நம் தோட்டத்துக் கோயில் திருவிழா மலருக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லித் தலைவர் கேட்டதுமே பேனாவைத் தேடி ஓடினேன். ஒரு பக்கத்தில் அடங்காது, மன்னியுங்கள்.

நான் மாத்தளைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பிள்ளைகள் வார்டில் தாதி. 'மிஸி' என்று கூப்பிடுவார்கள். என் வாய்க்கு ஓய்வே கிடையாது. வார்டில் எனக்குப் பட்டப்பெயர் ரேடியோ. அப்படிப்பட்ட நான், பேசியே ஆக வேண்டிய ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

பிரசவ லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய இரண்டாவது வாரம். ஆடிச் செவ்வாய், காலை நேரம். பலாபத்வலப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஜெயந்தி என்ற தாய் தன் மூன்று வயது மகன் கவிஷனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். துண்டுச் சீட்டில் 'காய்ச்சல், இருமல்' என்று மட்டும் எழுதியிருந்தது. பிள்ளையின் கண் சிவந்து நீர் வடிந்தது. முகம், நெஞ்சு எல்லாம் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துத் தடிப்பாகப் பூசியிருந்தது. இடுப்புக் கயிற்றில் ஒரு கொத்து வேப்பிலை.

எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் தோட்டத்து லய வீட்டில் பிறந்தவள்தானே! அம்மன் வந்த பிள்ளை அது. நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். நோயின் பெயரைச் சொல்லக்கூடாது, கேட்கக்கூடாது. ஜெயந்தி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. பிள்ளையின் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, முகக்கவசம்கூடப் போடாமல், பொது வார்டில் மற்றப் பிள்ளைகளுக்கு நடுவே ஒரு கட்டிலில் படுக்க வைத்தேன். அங்கே அன்று ஒன்பது பிள்ளைகள். அதில் இரண்டு பேர் தடுப்பூசி போடும் வயது வராத கைக்குழந்தைகள்.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். நனைத்த பஞ்சால் மஞ்சளைத் துடைத்தார். கழுத்திலிருந்து நெஞ்சுவரை சிவப்பாகப் பரவியிருந்தது. வாயைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தார். கன்னத்தின் உட்பக்கம் ரவை ஒட்டினாற்போல வெள்ளைப் புள்ளிகள்.

“சின்னமுத்து! இந்தப் பிள்ளையை யார் இங்கே படுக்க வைத்தது?”

சின்னமுத்து, அதாவது தட்டம்மை, காற்றிலேயே பரவும். நோயாளி எழுந்து போன பிறகும் அந்த அறைக் காற்றில் இரண்டு மணி நேரம்வரை இருக்கும். பயிற்சியில் மனப்பாடம் செய்தது எல்லாம் அப்போதுதான் மண்டையில் ஏறியது. வார்டுப் பொறுப்பாளரான எங்கள் சிஸ்டர், தாதியர் எல்லோரையும் கூப்பிட்டு, “சின்னமுத்து ஊசி ரெண்டும் போட்டவங்க மட்டும் இந்தப் பிள்ளையப் பாக்கணும். மத்தவங்க கிட்டப் போக வேணாம்” என்றார். எல்லோரும் கை தூக்கினார்கள். என் கை பாதியில் நின்றது.

நான் ஒரு ஊசியும் போடாதவள். மிட்வைஃப் லயத்துக்கு வரும் நாளெல்லாம் என் அம்மா என்னைத் தூக்கிக்கொண்டு தேயிலைக் கொழுந்து பறிக்கும் மலைக்குப் போய்விடுவார். ஊசி போட்டால் மாரியம்மா கோபிப்பாள் என்ற பயம். வேலையில் சேர்ந்தபோது படிவத்தில் கேட்டார்கள். வேலை கைநழுவிப் போய்விடும் என்று பயந்து 'போட்டாயிற்று' என்று எழுதிவிட்டேன். பொய்! எட்டு வருடம் அந்தப் பொய்யோடு வேலை செய்தேன். இனி நோய் எனக்குள் வளரும். வீட்டுக்குப் போய் தர்ஷினிக்குப் பால் கொடுப்பேன். 

துணி அடுக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். “தாயே, நீ வந்ததை மறைத்தேன். என் பொய்யையும் மறைத்தேன். என் பிள்ளையைக் காப்பாற்று. வெளியே இருக்கிற ஒன்பது பிள்ளைகளையும் காப்பாற்று. என் வாயைத் திறந்து விடு.” வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

அந்த நேரம் வெளியே ஒரே சத்தம். ஜெயந்தி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்விட்டாள்!

“இங்கிலீஸ் மருந்து குடுத்தா அம்மா கோவிச்சுக்குவாங்க. நான் வீட்டுக்கே போறேன். பஸ் வர்ற நேரம், வழிய விடுங்க!”

நல்ல முகக்கவசம் ஒன்றை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடினேன். என்ன பேசுவது என்று எனக்கே தெரியாது. வார்த்தை தானாக வந்தது.

“அக்கா, அம்மா வந்திருக்கிற காம்பராவுக்குள்ள பக்கத்து வீட்டாளுங்கள விடுவீங்களா?”

“எப்பிடி விடுவேன்? வாசல்ல வேப்பில கட்டிருவோம். வேத்தாளு வரப்படாது. தண்ணி ஊத்துற வரைக்கும் நாங்களும் எங்கயும் போறதில்ல.”

“அப்ப அம்மாவ பஸ்ஸுல ஏத்தி, அத்தன சனத்துக்கு நடுவுல கூட்டிட்டுப் போலாமா?”

ஜெயந்தி வாசல்படியிலிருந்து காலைப் பின்னால் எடுத்தாள்.

“கடைசியில ஒரு தனி ரூமு இருக்கு. கதவ சாத்திருவோம். வெளிப்பக்க ஜன்னல மட்டும் தொறந்து வைப்போம். நீங்களும் பிள்ளையும் மட்டுந்தான். வேத்தாளு வர மாட்டாங்க. வேப்பில நானே கட்டுறேங்க்கா.”

“நெசமாவா மிஸி?”

அடியார்களே, எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது! நாம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்ததும் ஆஸ்பத்திரி விதியும் ஒன்றுதான். படித்த எனக்கு அது அதுவரை தோன்றவே இல்லை. அந்த வார்த்தையை என் வாயில் வைத்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? ஜெயந்தி திரும்பி உள்ளே வந்தாள். கவிஷனுக்கும் முகக்கவசம் போட்டு, வெளி வராந்தா வழியாக அழைத்துப் போனோம்.

சிஸ்டர் சிங்களவர். வேப்பிலை கட்டலாமா என்று பயந்து பயந்து கேட்டேன். அவர் சிரித்துவிட்டார்.

“கட்டு, கட்டு. கதவுக்கு வெளியே கட்டு. எங்க வீட்டிலயும் கட்டுறதுதானே. நாங்க தெய்யங்கே லெடே, சாமி நோய்னுதான் சொல்றது.”

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் பொய்யையும் சொல்லிவிட்டேன். சிஸ்டரின் முகம் மாறியது. “அது பெரிய தப்பு. எழுதிக் குடுக்கணும். ஆனா நீ இன்னிக்கே சொன்னது நல்லது. மூணு நாளைக்குள்ள ஊசி போட்டா பலன் இருக்கு. கைய நீட்டு.” அரை மணி நேரத்தில் ஊசி என் கையில் ஏறியது! ஊசி போட்டவள் பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். ஆனால் நோய் தொற்றியிருந்தால் ஐந்தாம் நாளிலிருந்து அது பிறருக்குப் பரவலாம்; அன்றிலிருந்து இருபத்தோராம் நாள்வரை வேலைக்கு வரக்கூடாது, பிள்ளையின் பக்கத்திலும் போகக்கூடாது. மறைத்திருந்தால், அந்த நாட்களிலும் பிள்ளையை மடியில் போட்டிருப்பேன்.

வார்டிலிருந்த இரண்டு கைக்குழந்தைகளுக்கும் நோயைத் தடுக்கும் வேறு ஊசி உடனே போடப்பட்டது. கவிஷனுக்கு இரண்டு நாள் விட்டமின் ஏ கொடுத்தார்கள்.

நான்காம் நாள் மாலை என் கணவர் சிவா, தர்ஷினியை உக்குவளையிலுள்ள தன் அக்கா வீட்டுக்குத் தூக்கிப் போனார். நான் கையைக் கழுவி, முகக்கவசம் போட்டு, பாலைப் பீய்ச்சி போத்தலில் ஐஸோடு வைப்பேன். அவர் காலையும் மாலையும் திரீவீலரில் கொண்டுபோவார். போனில் பிள்ளை சிரிப்பாள். என் நெஞ்சில் பால் கட்டி வலிக்கும்.

ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். கண்ணாடி முன்னால் நின்று டார்ச் அடித்துக் கன்னத்துக்குள் பார்த்துக்கொண்டே இருந்தேன். போட்ட ஊசியாலும் இப்படிக் காய்ச்சல் வரலாம், தனியாகவே இரு என்றார் டாக்டர். “தாயே, எனக்கு வந்தாலும் சரி, என்னோடு நிற்கட்டும்” என்று விழுந்து கும்பிட்டேன். பன்னிரண்டாம் நாள் காய்ச்சல் விட்டது. உடம்பில் ஒரு சிவப்புகூட எழவில்லை.

இருபத்தோராம் நாள் சிஸ்டர் போன் பண்ணினார். “ஒரு பிள்ளைக்கும் வரல்ல!” அந்தக் கைக்குழந்தைகளை இன்னும் ஒரு வாரம் பார்த்தார்கள். அவர்களுக்கும் வரவில்லை! மறுநாள் தர்ஷினியை மடியில் வாங்கியபோது நான் அழுத அழுகையில் அவளே பயந்துபோனாள்.

தண்டனையாக எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டேன். ஒரு மாதம் கழித்து இரண்டாவது ஊசியும் போட்டுக்கொண்டேன். கவிஷனுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன பிறகு தண்ணீர் ஊற்றினார்கள். ஜெயந்தி எனக்குப் பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். தர்ஷினிக்கு ஒன்பது மாதமானதும் முதல் ஆளாகக் கிளினிக்கில் போய் நின்றேன். ஊசி ஏறியதும் அவள் கிளினிக்கே அதிரக் கத்தினாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். மிட்வைஃப் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

என் சொந்தங்களே, ஊசிக்கு அம்மன் கோபிப்பதில்லை. பிள்ளைக்குக் காய்ச்சலோடு உடம்பு சிவந்தால் மஞ்சள் பூசி மூடாதீர்கள், பொது வரிசையில் நிற்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே சத்தமாகச் சொல்லுங்கள்: அம்மா வந்திருக்காங்க என்று. சொன்னால் யாரும் ஏச மாட்டோம். எங்கள் வார்டில் இப்போது அம்மனும் பிள்ளையும் வருவதற்கென்றே தனியாக ஒரு வாசல் திறந்திருக்கிறோம்.