முந்திரித் தோப்பில் நான் எழுதிய வரி

‘தானாக முளைத்த மரங்கள். சாகுபடி இல்லை.’ இந்த வரியை எழுதியபோது எனக்கு இருபத்திரண்டு வயது. லாஸ்பேட்டைச் செம்மண்ணில் ஒரு முந்திரி மரத்தடியில் நின்று, நில அளவைப் பதிவேட்டை முழங்கையில் தாங்கிக்கொண்டு எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. ஓர் எழுத்தாவது கோணியிருக்கக் கூடாதா என்று இப்போது என் மேலேயே எரிச்சல் வருகிறது.

அந்த மரங்கள் என் அத்தை நட்டவை. அப்பாவின் தங்கை. கல்யாணமான மறுவருடமே மாமா இறந்துவிட, அவர் உழுத மேட்டு நிலத்தை விடாமல் பிடித்துக்கொண்டவள். முப்பது கன்றுகளுக்கு இரண்டு கோடை முழுக்கக் குளத்திலிருந்து குடம் சுமந்தாள். பள்ளிக்கூட விடுமுறையில் நானும் சுமந்திருக்கிறேன். ஆனால் நிலத்துக்குப் பத்திரம் கிடையாது. பிரெஞ்சுக்காரர்கள் போன நாலைந்து வருடத்தில் புது சர்க்கார் நிலங்களை அளக்க ஆரம்பித்தது. பயிர் செய்கிறவருக்குப் பட்டா, சும்மா கிடக்கும் நிலம் சர்க்காருக்கு என்று உத்தரவு. நிலம் அளக்கும் அந்த அலுவலகத்தில் நான் தற்காலிக குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது.

அதிகாரியோடு ஜீப்பில் போய் இறங்கினால், அத்தை மரத்தடியில் சருகு கூட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து மலர்ந்த முகம் சட்டென்று அடங்கியது. “வாங்க முசியே” என்றாள், பிரெஞ்சுக்காரர் காலத்து ‘ஐயா’வைப் போட்டு, முன்பின் தெரியாதவனிடம் பேசுவதுபோல. உறவு தெரிந்தால் என் வேலைக்கு ஆபத்து வருமென்று பயந்துவிட்டாள், பாவம். எனக்கோ, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, அப்பாடா என்றிருந்தது.

“நட்ட மரமா, தானா முளைச்சதா?” என்று அதிகாரி கேட்டார். வெயிலில் அவருக்குப் பொறுமை போயிருந்தது.

“எழுதுற முசியேவுக்கு எல்லாம் தெரியும். அவரு சரியா எழுதிக்குவாரு” என்றாள் அத்தை.

அதிகாரி என்னைத் திரும்பிப் பார்த்தார். “உனக்குத் தெரிஞ்சவங்களா?”

“இல்ல சார்.”

“அப்ப தானா முளைச்சதுன்னு எழுது. முந்திரிக்கெல்லாம் எவன் தண்ணி ஊத்தி வளக்கிறான்?”

அத்தை காதிலும் அது விழுந்தது. அவள் பதறவில்லை. எழுதப்போவது நான்தானே என்ற தைரியத்தில் உதட்டை மடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். நான் அதிகாரி சொன்னதை எழுத்துப் பிசகாமல் எழுதினேன். வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிஞ்சிப்போனால் வேலை போயிருக்கும்.

ஆட்சேபனை மனு கொடுக்க ஒரு மாதம் அவகாசம் இருந்தது. “எம் மருமவன் எழுதியிருக்கான், மனு எதுக்கு?” என்று சொல்லிவிட்டாளாம். அப்பா வந்து பெருமையாகச் சொன்னார். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த முப்பது நாளில் ஒரு நாள், ஒரே ஒரு நாள் சைக்கிளை மிதித்துப் போய்ச் சொல்லியிருக்கலாம். போகவில்லை.

மரங்களை வெட்டி அரசாங்கக் குடியிருப்பு கட்டினார்கள். அத்தை அடுத்தவர் தோப்பில் கூலிக்குக் கொட்டை பொறுக்கப் போனாள். எனக்கு வேலை நிரந்தரமானது. இன்றுவரை அந்த ஓய்வூதியத்தில்தான் சாப்பிடுகிறேன்.

மரங்கள் விழுந்த வாரம் உப்பளம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவளோ என் கையைப் பிடித்துக்கொண்டு எனக்கு ஆறுதல் சொன்னாள்.

“நீ ஏன்டா மூஞ்சத் தொங்கப் போட்டுகினு இருக்குற? அந்த ஆளு சொன்னா நீ எழுதிடுவியா? நீ சரியாத்தான் எழுதியிருப்ப. மேல இருக்கிறவனுங்க மாத்திட்டானுங்க.”

“ஆமா அத்தை” என்றேன்.