கடைசிக் கூறு

2018 நவம்பர் 6: ஆடு இரண்டு, ரூபா 44,000. கூறு 20. ஒரு கூறு 2,200.
2019 ஒக்டோபர் 27: ஆடு இரண்டு, ரூபா 48,000. கூறு 20. ஒரு கூறு 2,400.
2020 நவம்பர் 14: ஆடு இரண்டு, ரூபா 50,000. கூறு 20. ஒரு கூறு 2,500.
2021 நவம்பர் 4: ஆடு இரண்டு, ரூபா 57,000. கூறு 19. ஒரு கூறு 3,000.
2022 ஒக்டோபர் 24: ஆடு ஒன்று, ரூபா 45,000. கூறு 12. ஒரு கூறு 3,750.
2023 நவம்பர் 12: ஆடு ஒன்று, ரூபா 52,000. கூறு 13. ஒரு கூறு 4,000.

நமுனுகுல மலைக்குக் கீழே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவில், தீபாவளி ஆட்டுக்கு ஆன செலவு இது. வீடுகள் சேர்ந்து பணம் போட்டு ஆடு வாங்கும். விடியற்காலையில் கோயிலுக்குப் பின்னால் வெட்டி, வாழை இலைகளை வரிசையாக விரித்து, பணம் போட்ட வீடுகள் எத்தனையோ அத்தனை கூறாக வைப்பார்கள். இந்த ஆறு வருடமும், அதற்கு முன் இருபத்திரண்டு வருடமும், கூறு போட்டவர் வீரமலை. அவருக்கு முன் அவருடைய தகப்பனார்.

கூறு போடுவதற்கு அந்தப் பிரிவில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. பணம் போட்டவர்கள் ஒவ்வொருவராக வந்து தமக்குப் பிடித்த கூற்றை எடுத்துக்கொள்ளலாம். போட்டவர் கடைசியாக எடுக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாரும் பார்த்து ஒதுக்கியது எதுவோ அதுதான் அவருக்கு. ஆகையால் எந்தக் கூற்றிலும் எலும்பு கூடாமல், ஈரல் குறையாமல் பார்த்துக்கொள்வது போடுகிறவருடைய வயிற்றுக்கு நல்லது. தராசு கிடையாது. யாரும் கேட்டதும் கிடையாது.

வீரமலை கறி என்றால் உயிரை விடுகிறவர். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து, குடலைத் தானே அலசி, மிளகு இடித்துப் போட்டுச் சமைத்து, சட்டியை வழித்துத்தான் எழுந்திருப்பார். அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி, "ஆட்டுக்கு வாயிருந்தா ஒங்க பேரச் சொல்லித்தான் கத்தும்" என்பாள்.

அந்த மனுஷன் கறியை விட்டது 2022 மே மாதத்தில். நாட்டில் டீசல் இல்லாத காலம். பாக்கியலெட்சுமியின் கால்கள் வீங்கி, பிறகு முகம் வீங்கி, ஒருநாள் கொழுந்து மலையிலேயே விழுந்துவிட்டாள். தோட்டத்து லொறியில் ஏற்றிப் பசறை வழியாகப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு, மெசினில் இரத்தம் சுத்திகரித்தார்கள். கண் திறக்கவில்லை.

வீரமலை வார்டுக்கு வெளியே நிற்க முடியாமல் நகரத்துக்குள் நடந்தார். கதிர்காம முருகன் தேவாலயத்தின் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். பூத்தட்டு வாங்கக் காசில்லை. வெறுங்கையோடு நின்று, "இவள எழுப்பிக் குடு சாமி. சாகுற வரைக்கும் கவிச்சி தொட மாட்டேன்" என்றார். தன்னிடம் இருந்ததில் விட்டால் வலிக்கக் கூடியது அது ஒன்றுதான் என்று அவருக்குத் தோன்றியது.

மறுநாள் பாக்கியலெட்சுமி கண் திறந்து தண்ணீர் கேட்டாள்.

அதற்குப் பிறகு அவர் கருவாட்டுக் குழம்பைக்கூடத் தொடவில்லை. கிழமைக்கு இரண்டு தடவை மனைவியைப் பதுளைக்கு அழைத்துப் போய் மெசினில் படுக்கவைத்துக் கூட்டி வந்தார். ரொட்டியும் சம்பலும் தின்றார். சம்பலில் மாசிக் கருவாடு போடக் கூடாது என்றார். பிரிவில் எல்லோருக்கும் தெரியும். நல்ல புருஷன் என்றார்கள்.

அந்த வருடத் தீபாவளிக்கும் அவரே கூறு போட்டார். கடைசிக் கூற்றை எடுத்து, மடுல்சீமையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் கௌசிகாவுக்குக் கொடுத்தனுப்பினார். வில்லங்கம் அங்கே ஆரம்பித்தது.

ஜீவராணி அவருக்கு மாமன் மகள் முறை. நாலு வீடு தள்ளி இருந்தாள். அவள் நாக்குக்குப் பயந்து மேஸ்திரிகூட ஒதுங்கிப் போவார். அவள் தன் இலையைத் தூக்கிக்கொண்டு பீலிக்கரைக்கு வந்தாள். எல்லோரும் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த நேரம்.

"பாருங்கடி, எலும்பு. கூறா இது? நாய்க்குப் போடுறதா?"

"நீதானே பாத்து எடுத்த?" என்றாள் ஒருத்தி.

"பாத்துத்தான் எடுத்தேன். இருந்ததுல இதுதான் ஒழுங்கு. இத்தன வருஷம் இப்புடி இருந்திச்சா? ஏன் இப்ப இருக்கு? மச்சான் திங்கிறதில்ல. கடைசியில என்ன கெடந்தா அவருக்கு என்ன? திங்கிறவனுக்குத்தான் பயம் இருக்கும். அந்தப் பயந்தான் நமக்குத் தராசு."

வீரமலை கேட்டுக்கொண்டு நின்றார். கூறு சரியாகத்தான் இருந்தது. ஒற்றை ஆட்டைப் பன்னிரண்டாகப் பிரித்தால் எலும்பு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் அவள் சொன்னதில் ஒரு நியாயம் இருப்பது அவருக்கே பட்டது. அன்று வெட்டும்போது அவர் தன் வயிற்றை நினைக்கவில்லை என்பது உண்மை. அதனால் வாய் திறக்கவில்லை. வாய் திறக்காததை எல்லோரும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டார்கள்.

அடுத்த வருடம் தீபாவளிக்கு ஒரு கிழமை இருக்கும்போது, கோயில் கமிட்டியின் செயலாளர் திலீபன் வீட்டுக்கு வந்தான். முப்பத்தைந்து வயது, ஒன்றுவிட்ட அண்ணன் மகன். உட்காரச் சொல்லியும் உட்காராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சித்தப்பா, கோவிச்சுக்கக் கூடாது. கூட்டத்துல பேசிட்டாங்க. கூறு போடுறவரு கறி திங்கிறவரா இருக்கணுமாம்."

"அப்ப வேற ஆளப் போடுங்க."

"யாரப் போடுறது? போன மாசம் முனிக்கு வெட்டுன கெடாவ ஒங்க மருமகப்புள்ள மொறயான் ஒருத்தன் கூறு போட்டான். ரெண்டு பேருக்கு மண்ட ஒடைஞ்சிச்சு. நீங்க போட்டாத்தான் எல்லாரும் பணம் தருவோம்னும் சொல்றாங்க."

"நான் போடவும் வேணும், திங்கவும் வேணும்."

"ஒரே ஒரு துண்டு சித்தப்பா. அதுவும் எல்லாரும் பாக்க."

திலீபன் போன பிறகு பாக்கியலெட்சுமி கட்டிலிலிருந்து எழுந்து சுவரைப் பிடித்தபடி வந்தாள்.

"எதுக்கு இப்புடி முழிக்கிறீங்க? தின்னுட்டுப் போங்க."

"வாக்குக் குடுத்திருக்கேன்."

"என்னயக் கேட்டா குடுத்தீங்க? நான் எந்திரிச்சது ஆஸ்பத்திரி மெசினால. ஒங்க நாக்கால இல்ல."

"ரெண்டாலயும்."

"ஆமா, ரெண்டாலயும். அப்ப அந்த மெசினுக்குப் பதிலா ஒங்க நாக்கயே என் கழுத்துல சொருகுங்க. பஸ் காசாவது மிஞ்சும்." அவளுக்கே சிரிப்பு வந்து, மூச்சு வாங்கி, உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "போன தீவாளிக்கு நீங்க பீலிக்கரையில தலையத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னத நான் சன்னல் வழியாப் பாத்தேன். எனக்காக நீங்க அப்புடி நிக்க வேணாம். சாமி கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

அந்த ஒரு கிழமையும் வீரமலை தூங்கவில்லை. கூறு போடாவிட்டால் அந்தப் பிரிவில் அவர் யார்? தோட்ட வேலைக்குப் பேர்போட முடியாத வயது வந்துவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவரை யாரும் தேடுவதில்லை. கத்தி ஒன்றுதான் மிச்சம். தின்றாலோ, தேவாலயத்து வாசலில் வெறுங்கையோடு நின்றது கண்முன் வந்தது. இரண்டையும் மாற்றி மாற்றி நினைத்து, கடைசியில் மனைவி சொன்னதைப் பிடித்துக்கொண்டார். வாக்கு அவளுக்காகக் கொடுத்தது. அவளே விடு என்கிறாள். உரியவள் விட்டுக்கொடுத்தால் சாமிக்கு அதில் என்ன?

நவம்பர் 12 ஞாயிற்றுக்கிழமை. மழை தூறியது. பதின்மூன்று இலைகள். வீரமலை ஈரலைப் பதின்மூன்றாக அரிந்தபோது பார்த்துக்கொண்டிருந்தவர்கள் துண்டுகளை எண்ணினார்கள். ஒவ்வொருவராக எடுத்தார்கள். கடைசி இலையை அவர் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே ஜீவராணியும் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள்.

ஜீவராணி வாசற்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "நான் பாத்துட்டுத்தான் போவேன் மச்சான். வேகுற வரைக்கும் இருக்கேன். வெத்தல இருக்கா?"

"வீட்டுல அடுப்பு எரியலயா ஒனக்கு?" என்றாள் பாக்கியலெட்சுமி, உள்ளேயிருந்து.

"ஒன் அடுப்புதாண்டி இன்னைக்கி ஊருக்கே அடுப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியலெட்சுமியும் சிரித்தாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் தானே நின்று சமைத்தாள். மிளகு இடிக்க மட்டும் பக்கத்து வீட்டுப் பெண் வந்தாள். கறி வெந்ததும் பாக்கியலெட்சுமி ஒரு துண்டை எடுத்து ஊதி, கணவன் வாயருகே கொண்டுபோனாள். அவர் வாயைத் திறந்தார். மென்றார். விழுங்கினார்.

"ருசியா இருக்கா?" என்றாள் ஜீவராணி.

"உப்புக் கொறவு," என்றார் வீரமலை. பாக்கியலெட்சுமிக்கு டொக்டர் உப்பைக் குறைத்திருந்தார்.

அவ்வளவுதான். ஜீவராணி கைதட்டி எழுந்து போனாள். மீதிக் கறியை அவர் தொடவில்லை.

மார்கழிக் குளிரில் பாக்கியலெட்சுமிக்குக் காய்ச்சல் கண்டது. நடுக்கம். ஆஸ்பத்திரியில் வைத்துக்கொண்டார்கள். தை பிறந்து ஐந்தாம் நாள், 2024 ஜனவரி 19 வெள்ளிக்கிழமை, பிற்பகலில் இறந்துபோனாள். கழுத்தில் போட்ட குழாய் வழியாகக் கிருமி இரத்தத்தில் கலந்துவிட்டது என்று டொக்டர் ஸஹ்ரா சொன்னார். இளவயதுப் பெண். வீரமலைக்குப் பக்கத்தில் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தமிழில் பொறுமையாக விளக்கினார்.

"கறி தின்னதால இருக்குமா அம்மா?" என்று வீரமலை கேட்டார்.

"நிறையச் சாப்பிட்டாங்களா?"

"அவ இல்லீங்க. நான். ஒரு துண்டு."

டொக்டர் அவர் முகத்தைப் பார்த்தார். "ஐயா, நீங்க சாப்பிட்டதுக்கு அவங்க இரத்தத்துல கிருமி வராது."

"சரிங்கம்மா," என்றார் வீரமலை. டொக்டர் நல்லவர், படித்தவர், தெரிந்துதான் சொல்லுவார். வாங்கிலிருந்து எழுந்தபோது அந்தப் பதிலில் ஒரு சொல்கூட அவரோடு எழுந்து வரவில்லை.

உடலைக் கொண்டுவந்து லயத்து வீடுகளின் முற்றத்தில் கிடத்தினார்கள். பெண்கள் சுற்றி உட்கார்ந்து ஒப்பாரி வைத்தார்கள். ஜீவராணி பாக்கியலெட்சுமியின் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. இருவரும் ஒரே வரிசையில் கொழுந்து பறித்தவர்கள். அழுகையின் ஊடே அவள் இழுத்துப் பாடினாள்:

"வாக்குச் சொன்ன வாயி – அம்மா
வாக்குத் தின்ன வாயி
காத்திருந்த காலன் – ஒன்னக்
கறிக்கு மாத்திப் போனான்..."

மற்றப் பெண்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடினார்கள். ஆண்கள் நிலத்தைப் பார்த்தார்கள். வீரமலை கூரைத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனதுக்குள் இருந்ததைத்தான் அவள் வெளியே எடுத்து வைத்தாள். அவளோடு அவருக்குக் கோபம் வரவில்லை. அதன் பிறகு அவளும் அவர் கண்ணைப் பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்ததும், சம்பந்தி வீட்டார் மடுல்சீமையிலிருந்து கோழி கொண்டுவந்து சமைத்தார்கள். இறந்த வீட்டில் கறிச்சோறு போட்டுத் துக்கத்தை வெளியே அனுப்புவது வழக்கம். கௌசிகா அழுதபடி இலையைப் போட்டாள். திலீபன் அகப்பையோடு வந்து குனிந்தான். வீரமலை இலையின்மேல் கையை விரித்து மறைத்தார்.

"கொஞ்சமா ஊத்துறேன் சித்தப்பா. கறி ஊத்தலேன்னா துக்கம் வீட்டுலயே நிக்கும். வெளிய போகாது."

"போக வேணாம்," என்றார் வீரமலை.

வெறுஞ்சோற்றில் தண்ணீர் ஊற்றித் தின்றுவிட்டு எழுந்தார். கத்தியைச் சாக்கில் சுற்றிக் கோயில் மடத்தில் கொண்டுபோய் வைத்தார். மாசி மாதம் ஒரு பையோடு பதுளைக்கு இறங்கினார்.

பதுளையில் சிதம்பரநாதன் முதலாளியின் சைவச் சாப்பாட்டுக் கடையில் மரக்கறி கழுவி வெட்டும் வேலை கிடைத்தது. படுக்கை கடைக்குப் பின்னால். அவர் வெட்டும் கத்தரிக்காய்த் துண்டுகள் ஒரே அளவாக இருப்பதைப் பார்த்த முதலாளி, ஒருநாள் மேசையருகே நின்று கேட்டார்.

"நீங்க சைவமா?"

"இல்லீங்க. திங்கிறதில்ல, அவ்வளவுதான்."

"ஏதும் விரதமா?"

"இருந்திச்சுங்க. அது முடிஞ்சு போச்சு."

முதலாளி பரம்பரைச் சைவர். கறியின் ருசியே அறியாதவர். முடிந்துபோன விரதத்தை ஒருவர் ஏன் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்பது அவருக்கு விளங்கவில்லை. அதற்குமேல் கேட்கவும் இல்லை. கடைக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு கொத்துரொட்டிக் கடை. மாலையானால் அங்கே கோழிக்கறி வேகும் வாசனை சுவர் தாண்டி வரும். வீரமலைக்கு வாயில் எச்சில் ஊறும். அதை விழுங்கிக்கொண்டு வெங்காயம் உரிப்பார். வாக்கை இனி யாருக்காகக் காக்கிறோம் என்று சில நாள் தன்னையே கேட்பார். ஆனாலும் கறியைத் தொட மாட்டார்.

ஒக்டோபர் மாதம் அவர் பெயருக்குக் கடையின் முகவரியில் ஒரு கடிதம் வந்தது. கோயில் கமிட்டியின் முத்திரை. திலீபனின் கையெழுத்து. வெங்காயக் கையைத் துடைத்துக்கொண்டு அவரே வாசித்தார்.

எதிர்வரும் 31ஆம் திகதி தீபாவளிக்கு ஒரு ஆடு பேசியிருக்கிறோம். பதினொரு வீடு பணம் போட்டிருக்கிறது. தாங்கள் வந்து கூறு போட்டுத் தர வேண்டும். தங்கள் மனம் நோகக் கூடாது என்பதால், கூறு போடுபவர் இறைச்சி உண்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைக் கமிட்டி நீக்கிவிட்டது. இந்தத் தீர்மானத்தைப் பிரேரித்தவர் திருமதி ஜீவராணி. ஏகமனதாக நிறைவேறியது.

கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஒக்டோபர் 18. பாக்கியலெட்சுமி போய் ஒன்பது மாதம் ஆகியிருந்தது.