ஐந்தரை மணி நேரம் முந்திய ஹீலியம்

மெகராஜ் பேகமும் நானும் ராஜபாளையம் கல்லூரி ஒன்றில் ஞானதுரை சாரிடம் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தோம். சார் அவளை ஊர்ப் பெயரால் "ஏட்டி வன்னியம்பட்டி" என்றுதான் கூப்பிடுவார். அவர் மகளின் ரெக்கார்டு நோட்டில் படம் வரைவதும் அவள்தான். பெயர் மட்டும் அவர் வாயில் வராது.

சூரியன் வீசியெறியும் காந்த மேகங்களில் என்ன இருக்கிறது என்பதுதான் அவள் ஆராய்ச்சி. ஹீலியம் எவ்வளவு, இரும்பு அணு எத்தனை எலக்ட்ரான்களை இழந்திருக்கிறது என்று செயற்கைக்கோள் தரவுகளில் தேடுவாள். "சூரியன்கிட்ட அந்த இரும்பு எம்புட்டு சூடு பட்டுச்சோ, அந்தத் தடம் இங்க வந்து சேர்ற வரைக்கும் அழியாது செல்வி" என்பாள். சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு இதைச் சொல்வாள். எனக்குப் பசி உயிர் போகும்.

போன வருடம் ஒன்று கண்டுபிடித்தாள். மேகத்துக்கு ஐந்தரை மணி நேரம் முன்பே ஹீலியம் வந்துவிடுகிறது. அவள் பார்த்த பன்னிரண்டு மேகங்களிலும் அப்படியே. சார் தன் பெயரில் மட்டும் கட்டுரை எழுதி ஸ்ரீவில்லிபுத்தூர் கருத்தரங்குக்கு அனுப்பினார். கட்டுரையில் பெயர் இல்லாமல் அவளுக்குப் பட்டம் கிடையாது. கெஞ்சினாள். "அடுத்ததுல பாப்போம்" என்றார்.

கருத்தரங்குக்கு ஒரு வாரம் முன்பு என் கண்ணெதிரே அவரிடம் போய் நின்றாள்.

"சார், நம்ம ஊர் நேரத்துல போடச் சொன்னீங்க. காந்தப்புல ஃபைல மட்டும் மாத்திட்டு, ஹீலியம் ஃபைல கிரீன்விச் நேரத்துலயே விட்டுட்டேன். ஹீலியமும் மேகமும் ஒண்ணாத்தான் வந்திருக்கு."

"பேப்பர் போயாச்சு. வாய மூடிட்டு இரு."

கண்டுபிடித்த அன்றே, ஐந்தரை என்றதும் எங்கள் மூவருக்கும் உறைத்திருக்க வேண்டும். ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கருத்தரங்கில் மற்றவர்களுக்கு உடனே உறைத்தது. "இது நம்ம நாட்டு நேர வித்தியாசம்தானே?" என்று யாரோ கேட்க, அரங்கமே சிரித்தது. சார் அசரவில்லை. கடைசி வரிசைக்குக் கை நீட்டினார்.

"தரவு தயாரிச்சது அந்தப் பொண்ணு. அசன் முகம்மது மகள் மெகராஜ் பேகம். எந்திரிம்மா, எல்லாரும் பாக்கட்டும்."

எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். போன வாரமே சொல்லிவிட்டாள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் ஆய்வேட்டில் சாரின் கையெழுத்து பாக்கி இருந்தது. குனிந்து, கீழே விழாத பேனாவைத் தேடினேன்.

அவளுடைய ஆராய்ச்சிப் பதிவை சார் ரத்து செய்ய வைத்தார். இப்போது பேண்டேஜ் துணி மில்லில் பொட்டலம் கட்டுகிறாள். நேற்று பஸ்ஸில் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.

"டாக்டர் ஆயிட்டியாமே" என்றாள். சந்தோஷமாகத்தான் கேட்டாள்.